தறியில் ஏறிய நாகம்

லாவோஸில் வியந்தியேனிலோ லுவாங் பிரபாங்கிலோ நல்ல பட்டுக்கடை ஒன்றுக்குள் போனால், துணியோடு ஒரு சின்ன அட்டையும் தொங்குவதைப் பார்க்கலாம். நாகம் என்றால் காவல், யானை என்றால் வலிமை, பறவை என்றால் இன்னொன்று. உருவத்துக்கு ஒரு பொருள் வீதம் எழுதிய கையடக்க அகராதி. சுற்றுலா வந்தவருக்கு அது வசதிதான். துணியோடு ஒரு கதையும் கையில் வந்துவிடுகிறது.

அந்த அட்டையை வைத்துக்கொண்டு துணியைப் படிக்கப் போனால் பாதி தூரம்கூடப் போக முடியாது. காஞ்சிபுரம் பட்டில் யாளி இருக்கிறது, அன்னம் இருக்கிறது. நம் வீட்டில் யாரும் அதை வீரம், தூய்மை என்று மொழிபெயர்த்துப் பார்த்து எடுப்பதில்லை. பேட்டில் (கரையில்) என்ன ஓடுகிறது, முந்தி எவ்வளவு கனம், முகூர்த்தத்துக்கா வளைகாப்புக்கா, எடுத்துக் கொடுப்பது தாய்மாமனா என்றுதான் பேச்சு போகும். தென்கிழக்காசியப் பட்டிலும் அப்படித்தான். உருவத்தின் பொருள் உருவத்துக்குள் மட்டும் இல்லை. அது துணியில் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, யார் மேல் ஏறுகிறது, எந்தத் தறியில் எந்த வழியில் நெய்தது என்பதிலும் கலந்து கிடக்கிறது. இதற்கு லாவோஸின் நாகத்தைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

முதலில் ஒரு சொல் விவகாரம். லாவோ மொழியில் இந்தப் பாம்புக்கு இரண்டு பெயர் உண்டு. ஒன்று ‘நாக்’. பாலி மொழி வழியாக பௌத்தத்தோடு வந்த நம் நாகமேதான். இன்னொன்று ‘ஙுவக்’. அது அந்த மக்களின் சொந்தச் சொல். ஙுவக் ஆற்றில் கிடக்கும் நீர்ப்பாம்பு. படகைக் கவிழ்க்கும், ஆளை இழுத்துப் போகும் என்று பயந்தவர்கள் அவர்கள். நாக் அப்படியில்லை. மழையில் தியானத்தில் இருந்த புத்தருக்குப் படம் விரித்துக் குடை பிடித்த முசலிந்தனின் சாதி. மனித வேடத்தில் துறவியாகச் சேர்ந்து, தூக்கத்தில் வேடம் கலைந்து அகப்பட்டுக்கொண்ட நாகம் ஒன்றின் கதையும் உண்டு. அதன் நினைவாகத்தான் துறவுக்குத் தயாராகும் இளைஞனை இன்றும் ‘நாக்’ என்றே அழைக்கிறார்கள்.

பக்கத்து நாடான தாய்லாந்தில் அதே ஙுவக் என்ற சொல் இப்போது கடல்கன்னியைக் குறிக்கிறது. ஆளை விழுங்கும் பாம்புக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்.

லாவோ நெசவில் இந்த இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. பயமுறுத்தும் ஆற்றுப்பாம்பும் தர்மத்தைக் காக்கும் பாம்பும் ஒரே வளைவுக்குள் இருக்கின்றன. ‘காவல்’ என்று அட்டையில் எழுதியவர் இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டு முதலாவதை விட்டுவிட்டார். பயப்பட ஒன்று இருந்தால்தானே காவலுக்கு அர்த்தம்? சந்தைக்கு ஏற்றபடி பயத்தைக் கழித்துவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நாகத்தோடு ‘சீஹோ’ என்ற விலங்கும் அடிக்கடி வரும். சிங்க உடல், யானைத் துதிக்கை. கோயில் தூணில் யாளி பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அது அந்நியமாகவே தெரியாது. ‘ஹொங்’ என்ற பறவை நம் அன்னத்தின் உறவு. ஹம்சம் என்ற பெயர்தான் அப்படித் தேய்ந்திருக்கிறது. இதை வைத்து ‘எல்லாம் இங்கிருந்து போனவைதான்’ என்று மார் தட்டிவிட முடியாது. பெயர் கடல் கடந்து வந்தது உண்மை. பெயருக்கு அடியில் கிடக்கும் ஆறும் பயமும் அவர்களுடையவை. ஙுவக் என்ற சொல்லே அதற்குச் சாட்சி.

இனி தறிக்கு வருவோம்.

துணியில் வளைந்து நெளியும் பாம்பைப் பார்த்ததும் யாரோ வரைந்து கொடுத்து நெய்தது என்று தோன்றும். லாவோ தறியில் வரைபடம் என்று ஒன்று கிடையாது. அதற்குப் பதில் இருப்பது நூல்தான். நம் தறியைப் போலவே நீளவாக்கில் பாவு இழைகள் படுத்திருக்கும், நெய்ததை அடித்து இறுக்கும் அச்சு இருக்கும், சாதா நெசவுக்குப் பாவிழைகளைத் தூக்கி இறக்கும் விழுது மிதியோடு இரண்டு இருக்கும். அவற்றுக்குப் பின்னால், பாவுக்கு மேலும் கீழுமாக, மழைத்தாரை விழுவதுபோல நீளநீளமான நூல்கள் செங்குத்தாகத் தொங்கும். பாவின் இழைகள் இந்தத் தொங்குநூல்களின் நடுவே புகுந்துதான் வரும். இதுதான் பூ விழுது. தொங்குநூல்களுக்கு ஊடே படுக்கைவாட்டில் மெல்லிய மூங்கில் குச்சிகள் அல்லது நைலான் கயிறுகள், ஒன்றன்மேல் ஒன்றாக, சில சமயம் நூற்றுக்கணக்கில் செருகியிருக்கும். ஒவ்வொரு குச்சியும் பூவின் ஒரு வரி. எந்த இழை மேலே ஏற வேண்டும், எது கீழேயே இருக்க வேண்டும் என்பது அந்தக் குச்சிக்குத் தெரியும்.

நெய்பவள் மேலே இருக்கும் குச்சியை இழுத்துத் தொங்குநூல்களை முன்னும் பின்னுமாகப் பிரிப்பாள். முன்னால் வந்தவற்றைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கினால் அவற்றோடு சேர்ந்த பாவிழைகள் எழும்பும். அந்தச் சந்தில் பட்டையான ஒரு மரவாளைச் செருகி நிமிர்த்தி வைப்பாள். திறந்த வாயில் பூவுக்கான வண்ண நூலைக் கொடுப்பாள். பிறகு துணிக்கான சாதா ஊடை, அதாவது குறுக்கே ஓடும் நூல். அடித்து இறுக்கியதும், வேலை முடிந்த குச்சியைப் பாவுக்குக் கீழே செருகிவிட்டு அடுத்த குச்சிக்குப் போவாள். இப்படியே குச்சிகள் எல்லாம் கீழே இறங்கிவிட்டால் பூவில் பாதி முடிந்தது. அங்கிருந்து அதே குச்சிகளைக் கீழிருந்து மேலே திருப்பி ஏற்றினால் மறுபாதி தானாக வரும், கண்ணாடியில் பார்த்ததுபோல.

லாவோ துணியில் இத்தனை உருவங்கள் இரட்டையாக, ஒன்றின் தலைகீழ் நிழலாக இன்னொன்று நிற்பதற்கு ஒரு காரணம் இங்கேதான் இருக்கிறது. தத்துவம் சொல்கிறவர்கள் இதற்கு ஆயிரம் விளக்கம் கொடுக்கலாம். எனக்கு முதலில் கண்ணில் படுவது குச்சி இறங்கி ஏறும் வழிதான். உருவம் வளைவாக இல்லாமல் படிக்கட்டுபோல ஏறி இறங்குவதும், பாம்பின் வால் கொக்கியாக மடிவதும், கண் சாய்சதுரமாக இருப்பதும் பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாகப் போவதால் வந்தவை. நாகம் வந்த பிறகு தறி அதற்கு வளையவில்லை. தறிக்கு ஏற்றபடி நாகம்தான் தன் எலும்பை மடக்கிக்கொண்டது.

வரி முழுக்க ஒரே நூல் ஓடினால் அதற்கு ‘கித்’ என்று பெயர். சிறுசிறு வண்ண நூல்களை அந்தந்த இடத்தில் மட்டும் விரலால் செருகித் திருப்பினால் ‘சோக்’. ஒரே பாம்பின் முதுகில் சிவப்பு, அடுத்த வளைவில் மஞ்சள், அதற்கடுத்து பச்சை என்று வருவதெல்லாம் சோக் வேலை. நேரத்தை விழுங்குவதும் இதுதான். நல்ல துணியில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தாலும் சில அங்குலம்தான் நகரும்.

லாவோ பெண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும் பாவாடைத் துணி ‘சின்’. பள்ளிச் சிறுமி முதல் அரசு அலுவலகப் பெண்வரை இன்றும் அன்றாடம் கட்டுவது அதைத்தான். சின்னுக்குத் தலை, உடல், கால் என்று மூன்று பகுதி. இடுப்பில் செருகும் தலைப்பகுதி வெளியே தெரியாது. உடல் பெரும்பரப்பு. கால் என்பது கீழே ஓடும் கரை. அழகான வேலையெல்லாம் அங்கேதான் குவியும். பழைய முறையில் காலைத் தனியாக நெய்து உடலோடு தைப்பார்கள். உடல் நைந்து போனால் காலைப் பிரித்து இன்னொரு சின்னில் வைத்துத் தைத்துக்கொள்ளலாம். நம் ஊரில் பழைய பட்டின் ஜரிகைக் கரையை வெட்டிப் பாவாடைக்கு வைப்பதுபோல.

அதே நாகம் வேறு துணிக்குப் போனால் வேறு வேலை பார்க்கும். வடகிழக்கில் வியட்நாம் எல்லையை ஒட்டிய ஹுவாபன் மாகாணத்தில், சாம் நுவாவைச் சுற்றிய மலைப்பகுதியில், தாய் தெங் என்ற இனத்தார் இருக்கிறார்கள். தெங் என்றால் சிவப்பு. அவர்களிடம் நோய் தீர்க்கும் சடங்குக்கு என்றே நெய்த துணிகள் உண்டு. சடங்கு செய்பவர் அதைத் தோளிலோ தலையிலோ போட்டுக்கொண்டு ஆவிகளிடம் பேசப் போவார். அந்தத் துணியில் பாம்புகள் அடுக்கடுக்காக இருக்கும். அவற்றின் முதுகில் கைகால் விரித்த குட்டி மனிதர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் முன்னோர். பாம்பு அவர்களுக்கு வாகனம். கடையில் ‘காவல்’ என்று அட்டை மாட்டிக்கொண்ட அதே உருவம், இங்கே ஆளை ஏற்றிக்கொண்டு இந்த உலகத்துக்கும் அந்த உலகத்துக்கும் நடுவே ஓடுகிறது. கல்யாணப் பெண் கொண்டுபோகும் போர்வையிலும் தலையணையிலும் அதுவே வரும்போது, அவள் விரலின் கெட்டிக்காரத்தனத்துக்குச் சான்றிதழாகிவிடுகிறது. மாமியார் வீட்டார் முதலில் பார்ப்பது பூவை அல்ல, பூவின் ஓரம் சுத்தமாக முடிந்திருக்கிறதா என்பதை.

மேகாங் ஆற்றோடு தெற்கே இறங்கினால் கம்போடியா. அங்கே பூ தறியில் ஏறுவதில்லை. தறிக்கு வரும் முன்பே நூலில் ஏறிவிடுகிறது. ஊடை நூலை ஒரு சட்டத்தில் இழுத்து மாட்டி, சாயம் ஏறக் கூடாத இடங்களை வாழைநாரால் இறுகக் கட்டி (இப்போது பிளாஸ்டிக் நார்தான்) சாயத்தில் முக்குவார்கள். அவிழ்த்து, வேறு இடம் கட்டி, அடுத்த சாயம். மஞ்சள் ஏறிய இடத்தில் அவுரியின் நீலம் விழுந்தால் பச்சை. இப்படி நூலிலேயே பூ முழுதும் தயாரான பிறகுதான் ஊடையை ஓட்டும் நாடாவுக்குப் போகும். இந்தத் துணிக்கு ‘ஹோல்’ என்று பெயர். லாவோஸிலும் தாய்லாந்தின் ஈசான் பகுதியிலும் இதே முறைக்கு ‘மட்மீ’. கட்டிய நூல் என்று பொருள். நெய்யும்போது ஒவ்வொரு ஊடையையும் மயிரிழை அளவு இழுத்துச் சரிசெய்தால்தான் பூ சேரும். சேர்ந்தாலும் விளிம்பு லேசாகக் கலங்கித்தான் நிற்கும். ஹோலுக்கு மூன்று விழுது கட்டிய சாய்நெசவு. அதனால் ஊடை ஒரு பக்கம் அதிகமாகத் தெரியும். ஒரு பக்கம் பளிச், மறுபக்கம் மங்கல்.

ஹோலின் கட்டங்களையும் நட்சத்திரப் பூக்களையும் பார்த்தால் குஜராத்தின் பாடன் ஊர் படோலா நினைவுக்கு வரும். வராவிட்டால்தான் ஆச்சரியம். பாவு, ஊடை இரண்டையும் கட்டிச் சாயம் போட்ட அந்தப் பட்டு நூற்றாண்டுக் கணக்கில் இந்தப் பக்கம் கப்பலேறியது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தோனேசியத் தீவுகளின் அரசர்களைத் தன்பக்கம் வைத்துக்கொள்ள அதைப் பரிசாகக் கொடுத்தது. நம் சோழமண்டலக் கரைக்கும் இந்த வணிகத்தில் பங்கு உண்டு. அன்றைய சயாமின் (இன்றைய தாய்லாந்தின்) ஆயுத்தயா அரசவை தன் பாணியில் மாதிரி கொடுத்தனுப்ப, இங்கே பருத்தியில் எழுதிச் சாயமிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். மலேசியாவில் இன்றும் ஆண்கள் கட்டும் கட்டம்போட்ட கைலிக்குப் பெயர் ‘காயின் பெலிகாட்’. பெலிகாட் வேறெதுவும் இல்லை, நம் பழவேற்காடுதான்.

துணியின் பூ யாருக்கு என்ற கேள்விக்கு 700 ஆண்டுக்கு முந்திய பதில் ஒன்று இருக்கிறது. 1296இல் கம்போடியாவின் பழைய தலைநகரான அங்கோருக்கு வந்து ஏறக்குறைய ஓராண்டு தங்கிய சீனத் தூதர் சோ தாகுவான் தன் குறிப்பில் எழுதியிருக்கிறார். துணி முழுக்கப் பூ நிறைந்ததை அரசர் மட்டும்தான் உடுத்தலாம். பெரிய அமைச்சர்களும் அரச உறவினரும் பூ தூரதூரமாக விழுந்ததை உடுத்தலாம். சாதாரண அதிகாரிக்கு இரண்டு முனையில் மட்டும் பூ. குடிமக்களில் பெண்களுக்கு மட்டும் அந்த அனுமதி உண்டு. புதிதாக வந்திறங்கிய சீனர் யாராவது தெரியாமல் இருமுனைப் பூத்துணியைக் கட்டிவிட்டால் அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ள மாட்டார்களாம், முறை தெரியாத ஆள் என்று விட்டுவிடுவார்களாம்.

இங்கே என்ன பூ என்று யாரும் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். எவ்வளவு நெருக்கமாக என்பதுதான் கேள்வி. தாமரையோ நட்சத்திரமோ, அடர்த்தி கூடினால் அதிகாரம் கூடுகிறது. அட்டை எழுதுகிறவரின் அகராதியில் அடர்த்திக்கு இடமே இல்லை.

அதே சோ தாகுவான் இன்னொன்றும் சொல்கிறார். அன்றைய கெமர் மக்களுக்கு, அதாவது கம்போடியர்களுக்கு, பட்டுப்புழு வளர்க்கத் தெரியாது. அண்மையில் குடியேறிய சயாம்காரர்கள்தான் முசுக்கட்டை (மல்பெரி) விதையும் புழு முட்டையும் கொண்டுவந்து தொழில் செய்தார்கள். கெமர் பெண்களுக்குத் தையலும் வராது, துணி கிழிந்தால் சயாம் பெண்களைக் கூலிக்கு வைத்துத் தைத்துக்கொண்டார்கள். ‘ஆதிகாலம் முதல் மாறாமல் வரும் கலை’ என்ற விளம்பர வாசகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கிழிந்த துணி ஞாபகம் வரும்.

கம்போடியாவில் ஹோலின் உச்சம் ‘பிடான்’. கோயிலில் புத்தருக்கு மேலே கூரைபோல விரித்துக் கட்டும் படத்துணி. பிடான் என்பது விதானம்தான். சாதாப் பேச்சில் வீட்டு மேற்கூரைக்கும் அதே சொல். கோயில், மரம், யானை, நாகம், போதிசத்துவரின் பிறவிக் கதைகள் எல்லாம் ஊடை நூலில் முன்கூட்டியே கட்டிச் சாயமிட்டு வரும். நெய்ய நெய்ய, படம் அடியிலிருந்து மெல்ல எழும்பும்.

கெமர் கல்யாணத்திலும் நாகம் வருகிறது, ஆனால் பூவாக அல்ல. அந்நாட்டின் தோற்றக் கதையில் பிரேயா தோங் என்ற இளவரசன் நாககன்னியை மணக்கிறான். அவள் வாலைப் பிடித்துக்கொண்டுதான் கடலடியில் இருக்கும் அவள் நாட்டுக்குப் போகிறான். அதனால் இன்றும் மாப்பிள்ளை, மணப்பெண்ணின் மேலாடை முனையைப் பிடித்துக்கொண்டு அவள் பின்னால் நடக்கிறான். நம் மணிமேகலையில் சோழ அரசனைக் கூடிய நாகநாட்டுப் பீலிவளை கதைக்கு இது பக்கத்து வீடு. அங்கே துணியில் நாகம் நெய்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. பிடித்த கணத்தில் துணியே வாலாகிவிடுகிறது.

மலாய் உலகின் சாங்கெட் பற்றிச் சுருக்கமாக. மலேசியாவின் தெரங்கானு, கிளந்தான், சுமத்ராவின் பலெம்பாங் ஆகியவை பேர் போன இடங்கள். பட்டில் ஜரிகையால் பூ எடுப்பது. இழையைக் கிளப்பி எடுப்பதற்கான ‘சுங்கிட்’ என்ற சொல்லிலிருந்து பெயர் வந்தது. கிளப்புவதற்குக் குச்சியாக அவர்கள் பயன்படுத்துவது ‘லிடி’, அதாவது நம் ஈர்க்குச்சி. இஸ்லாம் வந்த பின் உயிருள்ள உருவங்கள் ஒதுங்கிக்கொள்ள, செடியும் கொடியும் பலகாரமும் வந்து உட்கார்ந்தன. மூங்கில் குருத்து என்ற முக்கோண வரிசை, மங்குஸ்தான் காம்பு, வாஜிக் என்ற இனிப்பை வெட்டும் சாய்சதுரத் துண்டு, ‘புங்ஙா தஞ்சோங்’ என்ற நம் மகிழம்பூ. எனக்குப் பிடித்த பெயர் ‘மாலையில் வீடு திரும்பும் வாத்துகள்’. துணியில் வாத்து எதுவும் இல்லை, ஒன்றன்பின் ஒன்றாக நெளியும் கொக்கிகள்தான். பெயர் இல்லாவிட்டால் அந்த வரிசையை எப்படி நினைவில் வைப்பது, பக்கத்துத் தறிக்காரியிடம் எப்படிக் கேட்பது? பல பெயர்கள் வேலைக்குச் சௌகரியமாக வைத்தவை. பிறகு வந்தவர்கள் அவற்றில் தத்துவம் ஏற்றினார்கள். 2021இல் சாங்கெட் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. 2023இல் லாவோ நாக நெசவும் சேர்ந்தது.

பட்டியலில் சேர்வதற்கு முன்பு இந்தத் துணிகள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1964 முதல் 1973 வரை லாவோஸின்மேல் அமெரிக்க விமானங்கள் கொட்டிய குண்டு 20 லட்சம் டன்னுக்கு மேல். ஹுவாபனும் பக்கத்து மாகாணமான சியாங் குவாங்கும் அதில் பலமாக அடிவாங்கின. மக்கள் குகைகளில் வாழ்ந்தார்கள். போருக்குப் பிறகு பல நெசவுக் குடும்பங்கள் பிழைப்பைத் தேடி வியந்தியேனுக்கு இறங்கின. வறுமையில் பெட்டியைத் திறந்து பாட்டியின் சடங்குத் துணிகளை விற்றார்கள். அவற்றில் பல இன்று வெளிநாட்டு அருங்காட்சியகங்களிலும் சேகரிப்பாளர் வீடுகளிலும் கண்ணாடிக்குள் இருக்கின்றன.

கம்போடியாவில் 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சி நெசவையே அறுத்துப்போட்டது. எல்லோருக்கும் கறுப்பு உடை, பட்டுக்கு வேலையில்லை. ஜப்பானின் கியோட்டோவில் சாயத் தொழில் கற்ற மொரிமோத்தோ கிகுவோ 1995இல் யுனெஸ்கோவுக்காக ஊர் ஊராகப் போய் மிச்சம் என்ன என்று பார்த்தார். மிச்சம் இருந்தது சில வயதான பெண்களின் விரல்களில். எழுதி வைத்த மாதிரி எதுவும் இல்லாமல் பூவைக் கட்டத் தெரிந்தவர்கள் அவர்கள். மறு ஆண்டு ஒரு நிறுவனம் தொடங்கினார். அவர் செய்ததில் பெரிய வேலை துணியில் இல்லை, மண்ணில்தான். முசுக்கட்டை, அவுரி, அரக்குப்பூச்சி வாழும் மரம், கட்டும் நாருக்கு வாழை எல்லாம் நட்டார். மரம் இல்லாவிட்டால் அரக்கு இல்லை, அரக்கு இல்லாவிட்டால் அந்தச் சிவப்பு இல்லை, நாகத்துக்கு மட்டும் பொருள் இருந்து என்ன செய்வது? 2017இல் அவர் காலமானார்.

இன்றைய சிக்கல் வேறு. இந்த நாடுகளின் சொந்தப் புழு மஞ்சள் கூடு கட்டும். மண்பானையில் கொதிக்கவைத்துக் கையால் இழுக்கும் அதன் நூல் பொன்போல இருக்கும், கொஞ்சம் கரடுமுரடு. ஆனால் கூட்டுக்குக் கிடைக்கும் நூல் குறைவு. அதனால் பல தறிகளில் சீனாவிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் வந்த வெள்ளைப் பட்டுதான் ஓடுகிறது. அதற்கும் கீழே, நாகத்தை அப்படியே அச்சடித்த பாலியஸ்டர் சின் சந்தையில் கிடைக்கிறது. அதற்கும் அதே அட்டையை மாட்டலாம், அதிலும் காவல் என்றே எழுதலாம். நாகம் இருக்கிறதே!

தறியில் அப்படி இல்லை. ஒரு துணி முடிந்தால் லாவோ நெசவுக்காரி பூ விழுதை அறுத்துப் போடுவதில்லை. பாவை வெட்டும்போது அச்சுக்கும் விழுதுக்கும் பின்னால் ஒரு சாண் மிச்சம் விடுவாள். குச்சிகள் நழுவாமல் மொத்தத்தையும் சுருட்டிக் கட்டி, வீட்டின் உத்தரத்தில் தொங்கவிடுவாள். மகளோ மருமகளோ அதை இறக்கும் நாளில், புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் பழைய இழையின் நுனியோடு முறுக்கிப் பிணைக்க வேண்டும். நம் ஊரில் பாவு பிணைப்பார்களே, அதேதான். ஆயிரத்துக்கு மேல் முடிச்சு விழும். கடைசி முடிச்சும் விழுந்த பிறகு மெல்ல இழுத்தால், பாட்டி செருகி வைத்த முதல் குச்சியின் கீழ் புது நூல் வந்து நிற்கும்.